புதிதாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் எதை மாற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் மேலே, சிக்கலானவை கீழே. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

கார் கைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகுது. முதல்ல எதை மாத்தலாம்?

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். புது இன்ஜினுக்கு ரன்னிங்-இன் தூரம் என்று ஒன்று உண்டு. மேனுவலில் போட்டிருக்கும், பல கார்களுக்கு 1,000 முதல் 1,600 கி.மீ. வரை. அதுவரை ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்காதீர்கள். அதே சமயம் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போகாமல் ஆர்பிஎம்மை (இன்ஜின் சுழலும் வேகத்தை) ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு படிவது இந்த ஓட்டத்தில்தான். புது டயரும் புது பிரேக் பேடும்கூடத் தொடக்கத்தில் முழுப் பிடிப்பைத் தராது.

இந்த நாட்களைக் காரைக் கவனிக்கப் பயன்படுத்துங்கள். வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறதா, பின்பக்கம் வீசுகிறதா? தொடர்ந்து பிரேக் பிடித்தால் பெடல் மாறுகிறதா? மேட்டில் ஏறி இறங்கினால் கார் ஒருமுறை அமர்ந்து நிற்கிறதா, மூன்று நான்கு முறை ஆடுகிறதா? எழுதி வையுங்கள். குறை எது என்று தெரியாமல் வாங்கும் பாகம் வீண்செலவு. நாங்கள் சொல்லும் வரிசை இது: பராமரிப்பு, டயர், பிரேக், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்), சஸ்பென்ஷன், அதற்குப் பிறகு பவர்.

பவருக்காகத்தானே ஸ்போர்ட்ஸ் காரே வாங்கினேன்? அதைப் போய் ஏன் கடைசியில தள்றீங்க?

வேகம் ஏறும்போது இயக்க ஆற்றல் அதன் இருமடியில் ஏறுகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 120-லிருந்து நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் 44 சதவீதம் அதிகம். பவரைக் கூட்டினால் ஒவ்வொரு வளைவுக்கும் கூடுதல் வேகத்தில் போய்ச் சேருவீர்கள். அதைத் தாங்க வேண்டியது பழைய டயரும் பழைய பிரேக்கும்தான்.

இன்னொரு காரணம், இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் முதல் இரண்டு கியரில் இருக்கும் பவரையே டயர் தரையில் இறக்க முடியாமல் டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் அமைப்பு) வெட்டுகிறது. அந்தக் காரில் ரீமேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை மாற்றி எழுதுவது) போட்டால், வெட்டப்படும் பவர்தான் கூடும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். ஏற்கெனவே யாரோ எதையோ மாத்தியிருக்காங்க போல. எங்கிருந்து தொடங்குறது?

முதலில் காரைத் தெரிந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், கியர் ஆயில், தனியாக டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பாகம்) இருந்தால் அதன் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் ஆகியவற்றை, பழைய உரிமையாளர் என்ன சொல்லியிருந்தாலும், புதிதாக மாற்றிவிடுங்கள். கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் அடுக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் எண்ணெய்ப் பசையோடோ வெளிறியோ இருந்தால் அந்த சிலிண்டரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். கம்ப்ரஷன் டெஸ்டில் (சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் சோதனை) சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் எந்த மாற்றத்தையும் தொடங்காதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் ஆறு வருடம் கடந்த ரப்பர் இறுகியிருக்கும். வேகமாக ஓட்டும் காருக்கு அது வேண்டாம். ஒட்டுப்போட்ட ஒயர், வெட்டிய பிளாஸ்டிக், கம்பெனி கிளிப்புக்குப் பதில் திருகு கிளாம்ப் ஆகியவை பழைய கைவேலையின் தடயங்கள். இசியுவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கம்பெனி மென்பொருள்தான் இருக்கிறதா என்பதையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ரீமேப் இருப்பது தெரியாமல் அதன்மேல் இன்னொன்றை ஏற்றிக் கெட்ட இன்ஜின்கள் உண்டு.

டயர் மாத்தினா மட்டும் அவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

தெரியும். ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் வசதி என்றால் டயரையே சொல்வோம். முடுக்கம், பிரேக், திருப்பம் மூன்றும் தரையைத் தொடும் உள்ளங்கை அளவு ரப்பர் நான்கின் வழியாகத்தான் நடக்கின்றன. டயரின் பக்கவாட்டில் டிரெட்வேர் எண் (தேய்மானத்தைத் தாங்கும் அளவு) இருக்கும். 400, 500 என்றால் நெடுநாள் உழைக்கும் டயர், 300 சுமார் என்றால் சாலை ஸ்போர்ட்ஸ் டயர், 200 என்றால் டிராக் (பந்தயப் பாதை) பக்கம் சாய்ந்தது. எண்ணைத் தருவது அந்தந்தத் தயாரிப்பாளரே என்பதால் இரண்டு பிராண்டுகளை இதை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. 200 எண்ணுள்ள டயர் சூடேறிய பிறகுதான் பிடிக்கும், தேங்கிய நீரில் சீக்கிரம் மிதக்கும். தினமும் ஓட்டும் காருக்கு 300 சுற்றளவில் இருப்பதே எங்கள் தேர்வு. கோடைகால ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிவிடும் என்பதையும் குளிர்ப் பகுதியில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது.

அளவு மாற்றினால் மொத்த விட்டம் பழையதிலிருந்து 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும். தாண்டினால் ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கணக்கும் தவறும். லோடு இண்டெக்ஸும் (டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண்) வேகக் குறியீடும் கம்பெனி டயரைவிடக் குறையக் கூடாது. நான்கு சக்கர இயக்கக் காரில் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த இரண்டும் புது இரண்டும் கலந்தால் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் அல்லது கிளட்ச் ஓயாமல் சுழன்று சூடாகும்.

காற்றழுத்தம் காசில்லாத டியூனிங். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண்ணிலிருந்து தொடங்குங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து. வெப்பம் 5 முதல் 6 டிகிரி மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ மாறும்.

பெரிய அலாய் வீல் போட்டா கிரிப் ஏறுமா?

ஏறாது. கிரிப் டயரின் ரப்பரிலிருந்து வருகிறது. வீல் பெரிதானால் எடை கூடும், டயரின் பக்கச்சுவர் மெலியும், பள்ளத்தில் விளிம்பு வளையும். பிரேக் காலிப்பர் (பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) இடிக்காது என்றால் ஒரு இஞ்ச் சின்ன, எடை குறைந்த வீல் பெரும்பாலும் வேகமானது, டயரும் மலிவு.

வாங்கும் முன் நான்கு எண்களைச் சரிபாருங்கள்: பிசிடி (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடுத்துளை விட்டம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் உள்ள தூரம்), அகலம். நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் ஹப் ரிங் (இடைவெளியை நிரப்பும் வளையம்) போடாமல் ஓட்டினால் ஸ்டீயரிங் அதிரும். நட்டின் கூம்பு வடிவமும் வீலின் இருக்கையும் பொருந்த வேண்டும். உருண்டை இருக்கையில் கூம்பு நட் போட்டால் இறுகியதுபோல் தோன்றித் தளரும். நட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

பிரேக்குக்கு பெரிய காலிப்பர் கிட் வாங்கலாமா?

முதல் மாற்றமாக வேண்டாம். பிரேக்கை அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் வேலை செய்கிறதா? அப்படியானால் டயரின் பிடிப்பைத் தாண்டும் அளவு விசை கம்பெனி பிரேக்கிலேயே இருக்கிறது. பெரிய கிட் அந்த ஒரு நிறுத்தத்தைச் சுருக்காது. பத்தாவது நிறுத்தத்திலும் அதே விசை கிடைக்க வெப்பத்தைத் தாங்கும், அவ்வளவே. அந்தத் தாங்கும் சக்தியில் பெரும்பகுதியைப் பேடும் பிரேக் ஆயிலும் மாற்றியே பெறலாம்.

பிரேக் ஆயில் நீரை உறிஞ்சும். டாட் 4 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 230 டிகிரி, ஈரம் ஏறிய பின் 155 டிகிரி. டாட் 5.1-க்கு 260, 180. இரண்டு வருடம் கிடந்த ஆயிலோடு மலைப்பாதையில் வேகமாக இறங்கினால் என்ன ஆகும் என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது. சாலைக்கு மட்டும் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அடிக்கடி டிராக் போனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். டாட் 5 சிலிகான் வகை, பெயர் ஒத்திருந்தாலும் 5.1 அல்ல. அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

பேடில் சாலையும் அவ்வப்போது டிராக்கும் தாங்கும் வகையை எடுங்கள். முழு ரேஸ் பேட் குளிர்ந்த நிலையில் பிடிக்காது. காலையில் முதல் சிக்னலில் அது ஆபத்து. புதுப் பேடைப் படிய வைக்க, காலியான சாலையில் 100-லிருந்து 20 கி.மீ. வரை நடுத்தர அழுத்தத்தில் எட்டுப் பத்து முறை குறையுங்கள், நடுவில் முழுதாக நிறுத்தாமல். பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு நிறுத்திப் பெடலை மிதித்தபடி இருந்தால் பேடின் படிவு டிஸ்கில் ஒரே இடத்தில் ஒட்டும். அப்புறம் ஒவ்வொரு பிரேக்கிலும் அதிர்வு. பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கொஞ்சம் வேகமா ஓட்டினதும் பிரேக் போயிடுச்சு. பேடா, ஆயிலா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெடல் சொல்லிவிடும். கெட்டியாக இருக்கிறது, மிதித்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று கீழே போனால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகியிருக்கிறது. இரண்டாவதுதான் மோசம், பெடலைப் பலமுறை வேகமாக மிதித்து அழுத்தம் ஏற்றி, கியரைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். ஆறிய பிறகு பெடல் சரியானதுபோல் இருந்தாலும் அந்த ஆயிலை மாற்றாமல் மீண்டும் வேகமாக ஓட்டாதீர்கள். ஆயில் நன்றாக இருந்தும் பெடல் எப்போதும் மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று இருக்கலாம், அல்லது பழைய ரப்பர் ஹோஸ் உப்பலாம். ஸ்டீல் பின்னல் ஹோஸ் பெடலைக் கெட்டியாக்கும், நிறுத்தும் தூரத்தைக் குறைக்காது.

துளை போட்ட டிஸ்க் அழகா இருக்கே, போடலாமா?

அழகுக்கு என்றால் சரி. கடும் உபயோகத்தில் துளைகளின் ஓரத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும். டிராக் போகும் காருக்குத் துளையில்லாத நல்ல டிஸ்க் போதும்.

லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போட்டா போதாதா? ஷாக் எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

15 முதல் 25 மி.மீ. வரை இறங்கும், கம்பெனி ஷாக்குக்கு ஏற்றதாக வடிவமைத்த ஸ்பிரிங் என்றால் ஒத்துப்போகலாம். அதற்கு மேல் இறக்கினால் மூன்று விஷயம் கெடும். ஸ்பிரிங் இறுகிய அளவுக்கு ஷாக்கின் கட்டுப்பாடு ஏறாததால், மேட்டைத் தாண்டிய பின் கார் ஆடும். ஷாக்கின் மேல்நோக்கிய பயணம் குறைந்து, வளைவின் நடுவே பம்ப் ஸ்டாப்பில் (பயணத்தின் எல்லையில் இருக்கும் தடுப்பு) மோதும். அந்த நொடியில் அந்தச் சக்கரத்தின் பிடிப்பு சட்டென விடும். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது: மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தைத் தாங்கும் தூணாகவும் இருக்கும் அமைப்பு) காரில் உயரத்தைக் குறைத்தால் ஈர்ப்பு மையத்தைவிட ரோல் சென்டர் (கார் பக்கவாட்டில் சாயும் மையப்புள்ளி) வேகமாகக் கீழே போகும். கார் தாழ்வாகத் தெரியும், சாய்வதற்கான நெம்புகோல் நீளம் கூடியிருக்கும்.

செலவழிக்கத் தயார் என்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகப் பொருத்தம் பார்த்து வடிவமைத்த செட்டை வாங்குங்கள். உயரம் மாற்றும் காயில்ஓவரில் (ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்த செட்) எவ்வளவு கீழே போகும் என்பதைவிட, ஷாக்கின் பயணம் எவ்வளவு மிச்சம் என்பதைக் கேளுங்கள். பொருத்தும்போது கன்ட்ரோல் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர் மூட்டு) போல்ட்டுகளைக் கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையில் இருந்து சில மாதங்களில் கிழியும். பல ஒர்க்‌ஷாப்களில் தவறுவது இந்த இடம்தான். பக்கத்தில் நின்று பாருங்கள்.

அலைன்மென்ட்ல என்ன நம்பர் கேட்கணும்? மெக்கானிக் எல்லாம் பச்சையில இருக்குன்னு சொல்றார்.

பச்சை என்பது கம்பெனி அனுமதிக்கும் எல்லைக்குள் என்று மட்டுமே பொருள்; அந்த எல்லை அகலமானது. இடதும் வலதும் இரண்டும் பச்சையாக இருந்தும் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கலாம். முதலில் கேட்க வேண்டியது இரண்டு பக்கமும் சமமான எண்.

சாலையும் எப்போதாவது டிராக்கும் என்றால் முன்பக்க கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு; மைனஸ் என்றால் மேல்பகுதி உள்நோக்கி) மைனஸ் 1.5 டிகிரி சுற்றளவில் நல்ல தொடக்கம். டிராக் அதிகமானால் மைனஸ் 2.5 வரை போகலாம். முன் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பிய அளவு) பூஜ்யம் அல்லது அதையொட்டி. பின்பக்கத்தில் சிறிதளவு டோ-இன் இருக்கட்டும், டோ-அவுட் கூடாது. இருந்தால், வேகத்தில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் சுற்றும். டயரை வேகமாகத் தின்பது கேம்பர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தவறான டோ அதைவிட வேகமாகத் தின்னும். அளக்கும்போது ஓட்டுநர் எடையும் அரை டேங்க் பெட்ரோலும் காரில் இருக்கட்டும்.

ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாத்தினா எத்தனை குதிரைத்திறன் ஏறும்?

டர்போ (புகையின் விசையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் பாகம்) இல்லாத இன்றைய இன்ஜினில் மிகக் குறைவு; சத்தம் மாறும், அது உங்களுக்குப் பிடித்தால் அதற்காக மாற்றுவதில் தவறில்லை. திறந்த கூம்பு ஃபில்டர் இன்ஜின் அறையின் சூடான காற்றை இழுத்தால் பவர் குறையவும் செய்யும். கம்பெனி ஃபில்டர் பெட்டி வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது, அது சாதாரண விஷயம் இல்லை. எண்ணெய் தடவும் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் காற்றை அளக்கும் சென்சாரின் சூட்டுக் கம்பியில் படிந்து அளவு தவறும்.

டர்போ காரில் டர்போவை ஒட்டிய டவுன்பைப் (புகைக்குழாய்) வித்தியாசம் காட்டும், ஆனால் ரீமேப்போடு சேர்த்தால்தான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம், புகையில் விஷம் கூடுகிறது, பின் ஆக்சிஜன் சென்சார் பி0420 பிழை காட்டி விளக்கு எரியும்.

ரீமேப் போட்டா இன்ஜின் ஆயுசு குறையுமா?

டர்போ காரில் நல்ல ரீமேப் 20 முதல் 30 சதவீதம் வரை பவர் கூட்டலாம். டர்போ இல்லாத காரில் 5 சதவீதத்தைத் தாண்டுவது அரிது, அங்கே காசை வேறெதற்காவது வையுங்கள். ஆயுசைத் தீர்மானிப்பது நாக்கிங்கும் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வெப்பமும். 98 ஆக்டேனுக்கு எழுதிய ரீமேப் ஃபைலை 95 ஊற்றி ஓட்டினால் இசியு நாக் சென்சாரைக் கேட்டு இக்னிஷனை (தீப்பொறி நேரத்தை)ப் பின்தள்ளிக்கொண்டே இருக்கும். பவரும் கிடைக்காது, வெளியேறும் புகையின் வெப்பமும் ஏறும். உங்களுக்கு எப்போதும் கிடைக்கும் பெட்ரோல் எதுவோ அதற்கான ஃபைலை எழுதச் சொல்லுங்கள்.

நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் அதிக பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) வந்தால் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் கோளாறு உண்டு, பிஸ்டனையே உடைக்கும். அதைக் கட்டுப்படுத்தத்தான் இன்ஜின் ஆயிலுக்கான ஏபிஐ எஸ்என் பிளஸ் தரம் 2018-லும் எஸ்பி தரம் 2020-லும் வந்தன. அந்தத் தரமுள்ள ஆயில் ஊற்றுங்கள், 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே உயர் கியரில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்காதீர்கள். 2,000-லேயே டார்க் (முறுக்கு விசை) உச்சத்தைத் தொடும் ரீமேப் ஓட்டச் சுகமாக இருக்கும். கனெக்டிங் ராடுக்குச் சுகமில்லை. டார்க்கை மெதுவாக ஏற்றி மேல் ஆர்பிஎம்மில் பவர் தரும் ஃபைலையே கேட்டு வாங்குங்கள்.

ஃபைல் ஏற்றிய பின் மூன்றாம் அல்லது நான்காம் கியரில் முழு ஆக்சிலேட்டர் ஓட்டத்தைப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். பூஸ்ட் கேட்டதும் கிடைத்ததும், ஒவ்வொரு சிலிண்டரின் இக்னிஷன் பின்தள்ளல், காற்று எரிபொருள் விகிதம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், எரிபொருள் அழுத்தம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். தர மறுப்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

ரீமேப்புக்கு அப்புறம் டாப் கியர்ல ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வேகம் ஏறல. ஃபைல் தப்பா?

கிளட்ச் வழுக்குகிறது. கம்பெனி கிளட்ச் கம்பெனி டார்க்குக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்துச் செய்தது. டர்போ ரீமேப் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். ரீமேப்புக்கு முன்பே சோதிக்கலாம். உயர் கியரில் 2,500 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். ஆர்பிஎம் வேகத்தை விட்டுத் தனியாகக் குதித்தால் ரீமேப்போடு கிளட்சுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். வழுக்கும் கிளட்சை ஓட்டிக்கொண்டே இருந்தால் ஃபிளைவீலும் கருகும். ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸ் மென்பொருளுக்கும் டார்க் எல்லை உண்டு, அதையும் சேர்த்து மாற்றுகிறார்களா என்று கேளுங்கள்.

ஒரு டைனோல 240, இன்னொண்ணுல 218. எதை நம்புறது?

இரண்டையும் தனித்தனியாக நம்பாதீர்கள். டைனோ (பவரை அளக்கும் இயந்திரம்) வகை, டயர் அழுத்தம், அன்றைய வெப்பம், திருத்தக் கணக்கு எல்லாம் எண்ணை மாற்றும். சக்கரத்தில் அளந்ததா, இன்ஜினுக்குக் கணக்குப் போட்டதா என்பதும் வேறு. பயன் தருவது வித்தியாசம் ஒன்றே: மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே டைனோ, அதே கியர், மூன்று மூன்று ஓட்டம்.

வாரண்டி போயிடுமா? ஸ்டாக் ஃபைலை திரும்ப ஏத்திட்டா தெரியாதுல்ல?

தெரியும். பல இசியுக்கள் எத்தனை முறை எழுதப்பட்டன என்ற கணக்கை வைத்திருக்கின்றன. பழைய ஃபைலை ஏற்றினாலும் எண்ணிக்கை கூடும். சென்சார் கனெக்டரில் செருகும் பிக்கிபேக் பெட்டி அந்தக் கணக்கைத் தொடாது, ஆனால் சென்சாருக்குப் பொய் சொல்லித்தான் பூஸ்ட் கூட்டுகிறது. இக்னிஷனைச் சரியாக ஆளாததால் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. டயர், பேட், பிரேக் ஆயில், அலைன்மென்ட் ஆகியவற்றால் பொதுவாகச் சிக்கல் வராது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எல்லா மாற்றத்தையும் எழுத்தில் தெரிவியுங்கள். கழற்றிய கம்பெனி பாகங்களைப் போல்ட்டோடு சேர்த்துப் பெயரெழுதி வையுங்கள்.

எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா லேபர் மிச்சம்தானே?

பேடும் பிரேக் ஆயிலும் ஒன்றாக. ஸ்பிரிங், ஷாக், அலைன்மென்ட் ஒன்றாக. ரீமேப்பும் புது பிளக்கும் ஒன்றாக. இவற்றுக்கு மேல் சேர்க்காதீர்கள். டயரும் சஸ்பென்ஷனும் ஸ்டேபிலைசர் பாரும் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஒரே நாளில் மாறி, கார் பின்பக்கம் வீசத் தொடங்கினால் காரணம் எது என்று தேடவே இன்னொரு லேபர் ஆகும்.

டிராக்ல முதல் சுத்து பறக்குது, நாலாவது சுத்துல மந்தமாயிடுது. ரீமேப் போட்டவர் ஃபைல் சரின்னு சொல்றார்.

அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். மேலே சொன்ன அதே பதிவை இப்போது முதல் சுற்றிலும் நான்காவது சுற்றிலும் எடுத்து ஒப்பிடுங்கள். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் ஏறிக்கொண்டே போய் இக்னிஷன் பின்தள்ளப்பட்டால், இன்டர்கூலருக்கு (டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) வெப்பத்தை வெளியேற்றும் திறன் போதவில்லை. பெரிய இன்டர்கூலர்தான் தீர்வு, கூடுதல் பூஸ்ட் அல்ல. ஆயில் வெப்பம் 130 டிகிரியைத் தாண்டினால் தெர்மோஸ்டாட் உள்ள ஆயில் கூலர் வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாதது போட்டால் சாலையில் ஆயில் தேவையான சூட்டையே எட்டாது.

இரண்டு வெப்பமும் சரியாக இருந்தும் மந்தம் என்றால் பின் பிரேக்கைப் பாருங்கள். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் வளைவுதோறும் உங்களுக்குத் தெரியாமல் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். பின் பேட் முன் பேடைவிட வேகமாகத் தேய்ந்திருந்தால் அதுதான் அடையாளம். டிராக் மோட் இருந்தால் அதில் ஓட்டிப் பாருங்கள். எப்படியானாலும் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிட்டே உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டயர் அழுத்தத்தை ஆறுவதற்குள் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.